சண்டையும் சொந்தமும்: வன்முறை யாருக்கிடையே பிறக்கிறது?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றுள் 9,962 வழக்குகளுக்குத் தகராறும், 3,761 வழக்குகளுக்கு முன்பகையும் காரணமாகக் காட்டப்பட்டிருக்கின்றன. பொருளுக்கு ஆசைப்பட்டு நடந்தவை 1,884 மட்டுமே. வரப்பு, வாய்க்கால் தண்ணீர், கொடுக்கல் வாங்கல், குடும்பம் என்று தகராறு எதைப் பற்றியதாக இருந்தாலும், அது முன்பின் அறியாதவர்களிடையே எழுவது அரிது. இரவில் கதவைத் தாழிடும்போது முகம் தெரியாத திருடனை நினைத்துத்தான் தாழிடுகிறோம். ஆபத்தோ பெரும்பாலும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவரிடமிருந்தே வருகிறது.

யாரோடும் ஒட்டாதவன், தனித்து விடப்பட்டவன்தான் கை நீட்டுவான் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உளவியலும் நெடுங்காலம் ஏறத்தாழ அப்படியே நினைத்தது. 'உனக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது' என்று வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டு, விடைகளைக் கோடுகளால் இணைத்துப் படமாக்கும் முறையை ஜேக்கப் மொரினோ 1930-களில் பரவலாக்கினார். அந்த வழியில் பின்னர் நடந்த ஆய்வுகளில், அடிக்கிற பிள்ளைகளின் பெயருக்கு எதிரே 'பிடிக்காது' என்ற குறிகளே குவிந்தன. ஆகவே அவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள் என்று முடிவு கட்டப்பட்டது. ராபர்ட் கெயர்ன்ஸ் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள், நான்காம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படித்த ஏறக்குறைய 700 பிள்ளைகளிடம் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள்: இந்தப் பள்ளியில் யார் யாரோடு சேர்ந்து திரிகிறார்கள்? 1988-இல் வெளியான அந்த ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. முரட்டுப் பிள்ளைகளைப் பலருக்குப் பிடிக்காமல் இருந்தது உண்மையே. ஆனால் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே நெருங்கிய நண்பர்கள் இருந்தார்கள், ஏதாவது ஒரு கூட்டத்தின் நடுவில் அவர்களுக்கு இடமும் இருந்தது. அவர்கள் சேர்ந்திருந்தது பெரும்பாலும் தங்களைப் போன்ற முரட்டுப் பிள்ளைகளோடுதான்.

மதுரைப் பக்கம் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர்கள் இதை ஆய்வில்லாமலே அறிவார்கள். கடைசி பெஞ்சு செட்டில் ஒருவனை அடித்தால் ஐந்து பேர் எழுந்து நிற்பார்கள். அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்கு அவன் அந்த ஐந்து பேரிடமே போய்ச் சேர்வான். சண்டை தொடங்கும் விதமும் தெரிந்ததே. ஒருவன் சும்மா திரும்பிப் பார்த்திருப்பான். 'என்னடா முறைக்கிற?' என்ற கேள்வி எழும். வேண்டுமென்றே செய்ததா, தற்செயலா என்று தெளிவில்லாத செயலை வம்புக்கு வந்ததாகப் படிக்கும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இல் முரட்டுச் சிறுவர்களிடம் சோதித்துக் காட்டினார். ஆனால் அந்தக் கேள்வி தனியாக நிற்கும்போது எழுவதைவிட, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுவதே அதிகம். அந்த நாலு பேரும் பக்கத்தில் இல்லையென்றால் பாதி முறைப்புகள் பார்வையோடு முடிந்துவிடும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

இதன் அடுத்த அடுக்கை ராபர்ட் ஃபாரிஸும் டயான் ஃபெல்ம்லியும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு திறந்து காட்டியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பள்ளி மாணவர்களின் நட்பு வலையை வரைந்து பார்த்தபோது, வலையின் மையத்தை நோக்கி நகர நகர ஒரு மாணவன் பிறரைச் சீண்டுவதும் கூடியது. விளிம்பில் இருப்பவன் குறைவாகவே சீண்டினான். எல்லோருக்கும் மேலே, அசைக்க முடியாத உச்சியில் இருந்த சிலரும் குறைவாகவே சீண்டினார்கள். இடையில் ஏறிக்கொண்டிருப்பவனே அதிகம் சீண்டினான். நம் பிள்ளைகள் 'கெத்து' என்று சொல்வது இந்த ஏறுமுகத்தின் பதற்றத்தைத்தான். வந்து சேர்ந்துவிட்டவனுக்கு அதைக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. கைகளில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம் ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அக்குழு பரிந்துரைத்தது. கயிற்றில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். கயிறு சாதியைக் காட்டுகிறது என்பது பாதி விடைதான். பதினான்கு வயதுப் பையனுக்கு அது யார் தனக்காக எழுந்து நிற்பார்கள் என்பதைச் சொல்லும் உறுப்பினர் அட்டை. கயிற்றை அறுப்பது எளிது. அந்த ஐந்து பேருக்குப் பதிலாக வேறு ஐந்து பேரை, வேறு தெருப் பிள்ளைகளும் கலந்த கூட்டமாக, அவனுக்கு அமைத்துக் கொடுப்பதுதான் கடினம். அது கபடிக் குழுவிலோ சாரணர் படையிலோ நடக்கலாம், சுற்றறிக்கையில் நடக்காது.

'கெட்ட' பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து ஓரிடத்தில் வைத்துத் திருத்துவது என்ற எண்ணம் எல்லா ஊர் அதிகாரிகளுக்கும் எளிதில் தோன்றுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் 506 சிறுவர்கள் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு ஆலோசகர், மருத்துவம், தனிப்பயிற்சி, கோடைமுகாம் என எல்லாம் கிடைத்தன. மறு பாதிக்கு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்டு அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் வாழ்க்கையே பல வகையிலும் மோசமாக இருந்தது. அதிலும் கோடைமுகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் கேடு மிகுந்திருந்தது. ஒரே போக்குள்ள பையன்களை ஒன்றாகத் தங்கவைத்தால், அவர்கள் ஒருவர் சேட்டைக்கு மற்றவர் சிரித்துச் சிரித்தே அதை வளர்த்துவிடுகிறார்கள் என்று தாமஸ் டிஷியன் பின்னர் விளக்கினார். குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களைத் தங்கவைக்கும் நம் கூர்நோக்கு இல்லங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

பெரியவர்களின் சண்டைக்கு வருவோம். ரோஜர் கூல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், கோர்சிகா தீவின் பழிக்குப்பழிக் கொலைகள் உட்படப் பல ஆவணங்களை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். 2003-இல், அவர் இறந்த பின், அது நூலாக வந்தது. யார் மேல், யார் கீழ் என்பது தெளிவாக இருக்கும் உறவில் கைகலப்பு குறைவு. இருவரும் ஏறக்குறையச் சமமாக நின்று, யாருக்கு முன்னுரிமை என்பது தீராமல் கிடக்கும் உறவில்தான் அற்பக் காரணத்துக்கும் உயிர் போகிறது. நம் பக்கத்துக்கு இதைப் பொருத்த அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. தகப்பனும் மகனும் முறைத்துக்கொண்டால் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறுவார், விஷயம் ஆறும். பங்காளிகள் முறைத்துக்கொண்டால் தலைமுறைக்கும் போகும். ஒரே தாத்தாவின் நிலம், ஒரே கிணறு, ஒரே குலதெய்வம், ஒரே அளவு உரிமை. ஒரு முழ வரப்பை வெட்டி உள்ளே தள்ளியதற்கு நிலத்தின் விலையைவிடப் பல மடங்கு வழக்குக்குச் செலவழித்தவர்களை உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எந்த வக்கீலைக் கேட்டாலும் சொல்வார். அந்த முழ மண்ணை விட்டுக்கொடுத்தால் 'அவன் பெரியவன்' என்று ஊர் தீர்ப்பெழுதிவிடும் என்ற அச்சமே அந்தச் செலவுக்குக் காரணம்.

கோயில் மரியாதையும் இப்படித்தான். திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில், திருநீறு யார் கையில் முதலில் என்பதில் வெளியூர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஊர்க்காரருக்கு அந்த வரிசைதான் ஊரின் வரைபடம். முதல் மரியாதை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன, கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நீதிபதிகள் பலமுறை சொல்லியும் இருக்கிறார்கள். சட்டப்படி அது சரியான விடை. ஆனால் கூல்டு சொன்னதன்படி பார்த்தால், சமம் என்று அறிவிப்பதால் மட்டும் போட்டி அடங்காது. இந்த ஆண்டு இந்த வகையறா, அடுத்த ஆண்டு அந்த வகையறா என்று முறை வைத்துக்கொண்ட ஊர்களில்தான் ஓரளவு அடங்கியிருக்கிறது. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் காளை, அதை யாரும் அணைவதில்லை. பக்தி என்பதோடு, முதலிடம் எந்த வீட்டுக்கும் இல்லை என்று வைத்துவிட்ட சாமர்த்தியமும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்ற போட்டியே நீதிமன்றம் வரை போய், மாவட்ட நிர்வாகம் பொறுப்பை ஏற்க வேண்டி வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்படியானால் சண்டை ஏன் எல்லா ஊரிலும் எந்நேரமும் நடப்பதில்லை? மானிடவியலாளர் மாக்ஸ் க்ளக்மேன் 1955-இல் இதற்கு ஒரு விடை சொன்னார். ஒருவன் தன் பங்காளிகளோடு சேர்ந்து எதிர்க் கூட்டத்தைத் தாக்கக் கிளம்பும்போது, அந்த எதிர்க் கூட்டத்தில் அவன் மனைவியின் அண்ணன் இருப்பான், மாமன் இருப்பான். குறுக்கே ஓடும் அந்த உறவுக்காரர்கள்தான் 'போதும் விடுங்கப்பா' என்று நடுவில் வருகிறார்கள். ஆப்பிரிக்காவின் நூயர் மக்களைப் பற்றிச் சொன்னதானாலும், மதுரை வட்டாரத்தில் எந்தப் பஞ்சாயத்திலும் இதைக் காணலாம். 1949-50-இல் மதுரைக்கு மேற்கே தங்கிக் கள ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், மாமன் மச்சான் உறவு இங்கே ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது என்று காட்டினார். பங்காளி உரிமைக்குப் போட்டியாளன். மச்சானுக்கு அந்த உரிமை இல்லை, ஆனால் முறை இருக்கிறது. அதனாலேயே அவன் சொல் எடுபடுகிறது.

ஆனால் இந்தக் குறுக்கு இழை எங்கே முடிகிறது என்பதே தென் மாவட்டங்களின் பெருந்துயரம். பெண் கொடுத்து எடுப்பது சாதிக்குள் மட்டும் என்று இருக்கும்வரை, இரு சாதிகளுக்கிடையே நடுவில் வர ஒரு மச்சானும் இல்லை. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, தலைவராகத் தேர்வான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் ஆறு பேர். இதைச் சமமானவர்களின் போட்டி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கீழே என்று வைக்கப்பட்டவர்கள் சட்டத்தின் துணையோடு சமமாக எழுந்தபோது, அந்தச் சமத்துவத்தையே தாங்க மாட்டாதவர்களின் வன்முறை அது. கூல்டின் விளக்கம் இங்கே பாதிதான் பொருந்துகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் அதே ஒதுக்கீட்டுக்குப் பிறகு 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவரே அமர முடியவில்லை. வேட்புமனு தாக்கலாகாது, தாக்கலானாலும் வென்றவர் உடனே விலகுவார். கத்தி எடுக்காமலே ஒரு கூட்டத்தின் ஒற்றுமை இன்னொரு கூட்டத்தை அடக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். உத்தப்புரத்திலோ 1989 மோதலுக்குப் பின் ஊரின் நடுவே சுவரே எழுப்பப்பட்டு, 2008 மே மாதத்தில்தான் அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

சுவரை இடித்தால் போதுமா என்ற கேள்விக்கு, ஒரே ஊரில் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது மட்டும் போதாது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. முசாபர் ஷெரிப் 1954-இல் சிறுவர்களை இரு அணியாகப் பிரித்து நடத்திய முகாமில், பகைத்துக்கொண்ட அணிகளைச் சேர்ந்து சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்தபோது சோற்றை வீசிச் சண்டையிட்டார்கள். தண்ணீர் வராமல் போனபோது, லாரி கிளம்பாமல் நின்றபோது, இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளே பகையைக் கரைத்தன. அரசியல் அறிஞர் அஷுதோஷ் வார்ஷ்னே ஆறு இந்திய நகரங்களின் இந்து-முஸ்லிம் உறவை ஒப்பிட்டு 2002-இல் காட்டியதும் இதற்கு நெருக்கமானது. கோழிக்கோடு கலவரமின்றி இருந்ததற்கும் அலிகார் எரிந்ததற்கும் இடையிலான பெரிய வேறுபாடு, இரு சமயத்தாரும் கலந்திருந்த வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கோழிக்கோட்டில் இருந்ததே. கிராமத்தில் அன்றாடப் பழக்கமே அமைதிக்குப் போதுமானதாக இருக்கலாம், நகரத்துக்கு அமைப்பு வேண்டும் என்பது அவர் கருத்து. நம் கிராமங்களில் டீக்கடையில் சேர்ந்து உட்காரவே வழக்கு நடத்த வேண்டியிருந்த வரலாற்றைப் பார்த்தால், கிராமத்தைப் பற்றிய பகுதியில் அவர் சற்றுத் தாராளமாகவே எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் பழைய தவறு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். வன்முறை உறவுகளில் பிறக்கிறது என்று பார்க்காமல், பிறப்பில் வருகிறது என்று ஓர் அரசே நம்பிய காலம் இங்கே இருந்தது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் 1914-இல் கீழக்குயில்குடியில் கள்ளர் சமூகத்தவர் பதிவு செய்யப்பட்டார்கள். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் முழுவதும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை பதிக்க மறுத்து எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீங்கியது. ஒரு சமூகத்தையே முரடர்கள் என்று முத்திரை குத்தும் பேச்சு திரையிலும் அரட்டையிலும் இன்னும் தொடர்கிறது, அந்த முத்திரையையே பெருமையாக அணிந்துகொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டும் காவல் பதிவேட்டின் பழைய மொழியைத்தான் பேசுகின்றன.

பழிக்குப்பழிக்கு வருவோம். சிகாகோ நகரில் 2006 முதல் 2014 வரை நடந்த 11,123 துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்களை ஆராய்ந்த பென் கிரீன், ஆண்ட்ரூ பாப்பாகிறிஸ்டோஸ் குழுவினர், அவற்றில் 63 விழுக்காடு முந்தைய ஒரு சூட்டிலிருந்து அறிமுகக்காரர் வழியாகத் தொற்றி வந்தவை என்று 2017-இல் கணக்கிட்டார்கள். ஒருவர் சுடப்பட்டதற்கும் அவரோடு தொடர்புடைய அடுத்தவர் சுடப்படுவதற்கும் இடையே சராசரியாக 125 நாட்கள் ஆயின. இங்கே துப்பாக்கி அரிது, அரிவாள்தான். எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் அந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. ஒரு கொலைக்குப் பின் நம் ஊரில் காவல் பாதுகாப்பு பதினாறாம் நாள் காரியம் வரை இறுக்கமாக இருக்கிறது, முதலாண்டு நினைவு நாளில் மறுபடி இறுக்கமாகிறது. நடுவே, வழக்கில் ஜாமீன் கிடைத்து எதிராளி ஊருக்குத் திரும்பும் மாதங்களில், அது தளர்ந்துவிடுகிறது. சரித்திரப் பதிவேட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது நடைமுறை. இறந்தவனின் தம்பியோ, கூடவே திரிந்த கூட்டாளியோ எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. சிகாகோ ஆய்வின்படி அடுத்த ஆபத்து அவனுக்கே, அவன் தாக்குபவனாகவும் இருக்கலாம், தாக்கப்படுபவனாகவும் இருக்கலாம்.

தெருச் சண்டையில் இன்னொரு தரப்பும் உண்டு. ரிச்சர்ட் ஃபில்பாட் முதலியோர் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் கேமராவில் பதிவான 219 தெருத் தகராறுகளைப் பார்த்ததில், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கே புகுந்து விலக்கிவிட்டிருந்தார். யாரும் உதவ மாட்டார்கள் என்று நாம் அலுத்துக்கொள்வதற்கு இது நேர்மாறு. நள்ளிரவுப் பரோட்டாக் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவரைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. 'விடுடா மாப்ள, விடு' என்று ஒருவன் பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடிப்பான். பிடிபட்டவன் திமிறுவான், ஆனால் உண்மையில் விடுபட முயல மாட்டான். அவனுக்கு அது மானம் போகாமல் பின்வாங்கக் கிடைத்த வழி. அதே நண்பன் 'என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற' என்று கேட்டிருந்தால் முடிவு வேறு.

வீட்டுக்குள் நடக்கும் அடிக்கு இப்படிப் பின்னாலிருந்து பிடிக்க ஆள் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்தியச் சராசரி ஏறத்தாழ 29. சொந்தத்தில், பக்கத்து ஊரில் கட்டிக்கொடுக்கும் வழக்கம் தென்னிந்தியப் பெண்களுக்கு வடக்கைவிட அதிகச் சுதந்திரம் தருகிறது என்று டிம் டைசனும் மிக் மூரும் 1983-இல் எழுதியது புகழ்பெற்ற வாதம். படிப்பிலும் பிள்ளைப்பேற்று எண்ணிக்கையிலும் அது பெருமளவு சரி. அடியில் மட்டும் சரியாகவில்லை. மாமியாரே அத்தையாக இருப்பது நல்ல நாளில் பாதுகாப்பு, கெட்ட நாளில் அடிபட்டதைச் சொல்ல முடியாத காரணம். அண்ணன் மகள் புகார் கொடுத்தால் இரண்டு குடும்பமும் முறியும். இந்திய அளவில் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடே, அவர்களிலும் பெரும்பாலோர் நாடியது பிறந்த வீட்டைத்தான், காவல் நிலையத்தை அல்ல. 'நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம், அனுசரிச்சுப் போம்மா' என்று அந்தப் பிறந்த வீடே சொல்லி அனுப்பும் வரை, அரசு நடத்தும் 181 உதவி எண்ணின் பயன், வீட்டார் ஆதரவு இன்றியே துணிந்து பேசும் சிலரோடு நின்றுவிடும்.